கொதிக்கும் வண்டி

சித்திரை மாதத்து நடுப்பகலில் மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், முன்மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி கக்கி நிற்கும் பழைய கார் ஒன்றையேனும் காணாமல் போய்வருவது அபூர்வம். குடும்பம் புளியமர நிழலில் ஒதுங்கியிருக்கும். குடும்பத் தலைவர் தண்ணீர்ப் புட்டியுடன் ரேடியேட்டரை நெருங்குவார். நேயர்களே, அவரை முதலில் தடுத்து நிறுத்துங்கள்! அந்த மூடி உள்ளே உள்ள அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதியாமல் ஏறக்குறைய 120 டிகிரி வரையில் பொறுத்திருக்கிறது. திருகிய மறுகணம் அது பொங்கி முகத்தில் பாயும். அரைமணி நேரமாவது காத்திருப்பது உத்தமம்.

காரணத்தை அறிய வேண்டுமானால், வைத்தியர் ஜுரக்காரனை விசாரிப்பதுபோல, 'எப்போது காய்கிறது?' என்று கேட்க வேண்டும். மாசி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்கையில் சூடேறி, நான்கு வழிச் சாலையில் ஓடத் தொடங்கியதும் தணிகிறதா? பெரும்பாலும் குற்றம் விசிறியுடையது. அம்பாஸிடர் போன்ற பழைய வண்டிகளில் விசிறியை பெல்ட் சுழற்றுகிறது, தளர்ந்திருந்தால் வழுக்கும். மாருதி 800 முதலியவற்றில் மின்சார விசிறி. முள் நடுவைத் தாண்டியும் அது சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, உஷ்ணமறியும் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கையை மட்டும் உள்ளே விடலாகாது. எஞ்சின் நின்ற பிறகும் சில வண்டிகளில் விசிறி தானே சுழலத் தொடங்கும்.

நகரத்தில் சாதுவாயிருந்து, வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போது கொதித்தால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தால், வெந்நீர் அண்டாவில் படிவதுபோல் குழாய்களுக்குள்ளும் காறை படியும்.

தெர்மாஸ்டாட்டும் காரணமாகலாம். 'நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?' என்று அதைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு இது சம்மதமில்லை. எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதித்தால் பெட்ரோலும் வீண், தேய்மானமும் அதிகம். கழற்றியதைப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பெரும்பாலானவை 80 டிகிரிக்குச் சற்று மேலே திறக்கும். திறவாவிட்டால் புதிது போடலாம்.

இவையெல்லாம் சில்லறை நோய்கள். பயப்பட வேண்டியது வேறொன்று: தரையில் ஒரு துளியும் சிந்தாமல் தண்ணீர் நாளுக்கு நாள் குறைவது. ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர் விடியற்காலையில் சென்று, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பச் சொல்லட்டும். குமிழிகள் ஓயாமல் வந்தாலும், எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலும், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். அலுமினிய ஹெட் வளைந்திருந்தால், குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி பட்டறைக்குப் போய்விடும். போனபோதே எஞ்சின் சூடாக இருந்ததா? 'நாளை வருகிறோம்' என்று திரும்புவதே மரியாதை.

மதுரைக்கு மோட்டார் வித்தை புதிதன்று. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் இத்தொழிலில் இறங்கினார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது அவருடைய கம்பெனி கரிவாயுச் சாதனங்கள் செய்து வண்டிகளை ஓட்டச் செய்தது. அத்தகைய ஊரிலும், ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போடும் வழக்கம் மறையவில்லை. சிறிய ஓட்டையை அது அடைப்பது உண்மையே. கூடவே நல்ல குழாய்களையும் அடைக்கும். வழியில் அகப்பட்டுக்கொண்டால் செய்யலாம்; வீடு சேர்ந்ததும் முற்றும் கழுவிவிட வேண்டும்.

பிறகு வெறும் நீருக்குப் பதில், சுத்த நீரில் சரிபாதி கூலண்ட் கலந்து ஊற்றுவது நல்லது. துருவும் பிடிக்காது, கொதிநிலையும் உயரும். ஆனால் பெரும்பாலான கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். வடித்த பழையதைத் திறந்த வாளியில் வாசலில் விட்டுவைத்தால், குழந்தையோ தெருநாயோ வாய் வைத்துவிடும்.