சமன்பாட்டின் முகத்தைப் பார்த்து ஜாதகம் எழுதாதீர்கள்

நேரியல் சமன்பாடு என்றால் சாது. நேரிலாச் சமன்பாடு என்றால் முரடு. அதற்குள் கேயாஸ் குடியிருக்கும்... பாடப்புத்தகங்கள் பலவும் இயக்க அமைப்புகளை இப்படித்தான் இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுகின்றன. மாணவனும் சமன்பாட்டில் எங்காவது வர்க்கமோ கனமோ தென்படுகிறதா என்று தேடுகிறான். கிடைத்தால் 'கேயாஸ்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறான். அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று கேட்பார் யாரும் இல்லை. பார்க்க எப்படி இருக்கிறது என்பதோடு சரி.

இந்த வகைப்பாடு தவறு. கொஞ்சநஞ்சத் தவறு அல்ல, இரண்டு பக்கமும் தவறு.

1964இல் மிஷேல் ஏனோன், கார்ல் ஹைல்ஸ் என்ற இரண்டு வானியலாளர்கள், விண்மீன் மண்டலத்துக்குள் ஒரு விண்மீன் எப்படி நகரும் என்று பார்க்க எளிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு திசையிலும் சாதாரண ஸ்பிரிங். நிலை ஆற்றலில் கூடுதலாக ஒரு சின்ன வால்: எக்ஸ் வர்க்கத்தை ஒய்யால் பெருக்கி, அதிலிருந்து ஒய் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழி. அவ்வளவுதான். பாதை ஒரு குறிப்பிட்ட தளத்தை வெட்டும்போதெல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். ஆற்றல் 1/12 என்றால் புள்ளிகள் அழகாக வளைகோடுகளில் போய் உட்கார்ந்தன. 1/8க்கு ஏற்றியதும் வளைகோடுகளுக்கு நடுவே சிதறல். 1/6இல் ஏறக்குறைய எல்லாமே சிதறல். சமன்பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை! இதை எந்தக் கூடையில் போடுவது?

இப்போது அந்தக் 'கழி'யை மட்டும் 'கூட்டு' என்று மாற்றுங்கள். எக்ஸ், ஒய் இரண்டின் கூட்டுத்தொகையை ஒரு மாறியாகவும், வித்தியாசத்தை இன்னொரு மாறியாகவும் வைத்து எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கணக்கு இரண்டு தனித்தனி அசைவுகளாக உடைந்துவிடும்; ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எந்த ஆற்றலிலும் கேயாஸுக்கு வழியில்லை. ஆனால் முன்பு எவ்வளவு நேரிலாததோ இப்போதும் அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை தோடா சங்கிலி. ஜப்பானிய இயற்பியலாளர் மொரிகாசு தோடா 1967இல் முன்வைத்தது. ஸ்பிரிங்கின் விசை அடுக்குக்குறிச் சார்பாகப் போகிறது. முகத்தை வைத்துச் சொன்னால் படு முரடு. ஆனால் துகள்கள் எத்தனையோ அத்தனை மாறாத அளவுகள் அதில் உண்டு என்று 1974இல் நிறுவினார்கள். நிறுவியவர்களில் ஒருவர் அதே ஏனோன்! முழு ஒழுங்கு. மூன்று துகள்கள் கொண்ட தோடா வளையத்தை விரித்து, கன உறுப்போடு வெட்டினால் என்ன வரும்? மேலே பார்த்த ஏனோன்-ஹைல்ஸ் வரும். அதாவது ஒழுங்கான அமைப்பைத் தோராயப்படுத்தினால் கேயாஸ் பிறக்கிறது. சிறிய அசைவுகளுக்கு இரண்டும் அச்சு அசல் ஒரே முகம்.

மறுபக்கம் ஆர்னால்டின் பூனை. ஒரு சதுரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் புதிய எக்ஸ் என்பது இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும். புதிய ஒய் என்பது எக்ஸும் ஒய்யும். முழு எண்ணைத் தள்ளிவிட்டுப் பின்னத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வர்க்கம் இல்லை, கனம் இல்லை. சில தடவை செய்தாலே பூனைப் படம் நார்நாராகிவிடும். "பின்னத்தை மட்டும் எடுப்பது நேரியல் ஆகுமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இழுப்பதும் மடிப்பதும்தான் கேயாஸை உண்டாக்குகின்றன என்று கேட்பவரே ஒப்புக்கொண்டாயிற்று. இழுப்பும் மடிப்பும் நடத்தை. சமன்பாட்டின் படி அல்ல.

நேரியல், நேரிலா என்ற பிரிவே குப்பை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் மூன்றாவது தீர்வு கிடைப்பது பெரிய வசதி. ஆனால் அது எந்தக் கருவியை எடுப்பது என்பதற்கான பிரிவு. பாத்திரத்தை வைத்துச் சமையலுக்குப் பெயர் வைக்க முடியுமா?

நடத்தையை வைத்துப் பிரிப்பதிலும் அவசரம் ஆகாது. அருகருகே தொடங்கியவை வேகமாக விலகினால் கேயாஸ் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் கூட்டு வட்டியும் கேயாஸ்தான்! ஒரு ரூபாய் வித்தியாசத்தில் போட்ட இரண்டு வைப்புத்தொகைகள் அடுக்கடுக்காய் விலகும். குழப்பம் ஒன்றும் இல்லை. அதனால்தான் டெவானி 1986இல் மூன்று நிபந்தனைகள் வைத்தார். கலந்து பரவ வேண்டும், திரும்பத் திரும்ப வரும் பாதைகள் எங்கும் நெருக்கமாக இருக்க வேண்டும், சிறு மாற்றத்துக்கும் கூர்மையாக எதிர்வினை காட்ட வேண்டும். முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும் என்று 1992இல் பேங்க்ஸும் மற்றவர்களும் நிரூபித்தார்கள். பட்டாம்பூச்சி புகழ் பாடுவோர் கவனிக்க :-)

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்பவர்கள் சூரியக் குடும்பத்தைப் பார்க்கட்டும். நியூட்டனின் விதி 1687இலிருந்து கண்முன்னே இருக்கிறது. உட்கோள்களின் பாதைகளில் உள்ள சிறு பிழை ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை சுமார் மூன்று மடங்காகப் பெருகுகிறது என்பது 1989இல்தான் லஸ்காரின் கணக்கில் வெளிப்பட்டது. 2009இல் அவரும் கஸ்தினோவும் 2501 தடவை, மிக நுண்ணிய வித்தியாசங்களோடு, 500 கோடி ஆண்டுகளுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றில் புதனின் பாதை ஆபத்தான அளவுக்கு நீண்டது. 300 ஆண்டுகள் சமன்பாட்டின் முகத்தையே முறைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

அடுத்த தேர்வில் "பின்வருவனவற்றுள் கேயாஸ் உடையது எது?" என்று நான்கு சமன்பாடுகளைக் கொடுப்பவர்கள், பக்கத்தில் ஆற்றல் எவ்வளவு என்றும் கொடுக்கட்டும்.