கணக்கும் குழந்தையும்

சென்ற மாதம் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் சாலைக்குப் போயிருந்தேன். மேஸ்திரி, சுழன்று நின்ற டிரம்மிலிருந்து ஒரு தோலை இழுத்து, அதன் ஓரத்தைக் கத்தியால் அரிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை மணி ஓடிற்று என்பதல்ல ஸார் கணக்கு, மருந்து நடுவரை ஏறியிருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

தோலுக்குக் காட்டும் இந்தச் சிரத்தையைக் குழந்தைகள் விஷயத்தில் நாம் காட்டுகிறோமா?

என் பால்ய நண்பன் ஒருவனுக்கு இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பிவிட்டது. மூன்று முறையும் தவறாமல் சொட்டு மருந்து போட்டதாக அவனுடைய தாயார் சொல்வார். ஊரில் யாரும் நம்பவில்லை. எங்கேயோ அசட்டையாக இருந்திருப்பாள் என்று பேசினார்கள். அந்த அம்மாள் அப்பழியைக் கடைசிவரை சுமந்தார்.

அவர் சொன்னது முற்றிலும் சாத்தியமானதே என்பதற்கு ருசு அப்போதே வேலூரில் இருந்தது! அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் என்பவர், மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 1972-லேயே முடிவுகளை வெளியிட்டிருந்தார். மேல்நாடுகளில் மூன்று முறை கொடுத்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. இங்கேயோ, மூவகைக் கிருமிகளில் இரண்டுக்கு எதிராக, மூன்றில் ஒரு குழந்தைக்கு அது கிட்டவில்லை. குடலில் வேறு வைரஸ்கள் குறுக்கிட்டதாலா என்றும் ஆராய்ந்தார்கள். காரணம் அதுவல்ல என்று தெரிந்தது. நம் குழந்தைகளுக்கு ஐந்து முறையாவது வேண்டும் என்றார் அவர். அத்துடன், ஆண்டு முழுதும் சிதறலாகக் கொடுப்பதைவிட, குறித்த சில நாட்களில் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒருசேரக் கொடுக்கும் முறையை வேலூரிலேயே செய்து பார்த்தார்கள். நோய் கட்டுப்பட்ட விவரம் 1983-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் வெளிவந்தது.

தேசம் முழுவதும் 'பல்ஸ் போலியோ' தொடங்கியது 1995-ல். நடுவே பன்னிரண்டு வருஷங்கள்! அவ்வருஷங்களில் முடமான குழந்தைகள் ஆயிரக்கணக்கில். ருசு கையிலிருந்தும் காலம் கடத்தியதை எப்படி மன்னிப்பது?

பிறகு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பலமுறை கொடுத்தும் நோய் அடங்காதபோது, தாய்மாரைக் குறை கூறுவதோடு நிற்காமல் மருந்தையே மறுபடி அளந்து பார்த்தார்கள். வீரியம் கூட்டிய புதுக்கலவை 2010-ல் வந்தது. 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட நோயாளியே கடைசி. 2014 மார்ச்சில் நம் நாடு இந்நோய் நீங்கியதென்று அறிவிக்கப்பட்டது.

எங்கள் பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை வழங்குகிறோம். எத்தனை கொடுத்தோம் என்று எழுதப் பதிவேட்டில் இடமுண்டு. எந்தப் பெண்ணின் சோகை தணிந்தது என்று எழுத இடமில்லை. சென்ற வாரம் எட்டாம் வகுப்புக்கு நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாலையில் வகுப்பைப் பூட்டும்போது பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே ஐந்து மாத்திரைகள் கிடந்தன.