மூன்று திரை, ஒரு கார்டு

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் பலருக்கு இப்போது இரண்டு மானிட்டர் போதவில்லை. ஒன்றில் டைம்லைன், இன்னொன்றில் ஃபுட்டேஜ், மூன்றாவதில் முழுத் திரைக்கு மணப்பெண்ணின் முகம். மூன்றாவது மானிட்டரை வாங்கிய கையோடு டெல்லி நேரு பிளேஸிலோ சென்னை ரிச்சி தெருவிலோ போய் நின்றால், கிராஃபிக்ஸ் கார்டு விற்பவர் கேட்பது: "எத்தனை மானிட்டர் சார்?" மூன்று என்றதும் அவர் கை மேல் தட்டில் இருக்கும் விலையுயர்ந்த பெட்டிக்கு நீளும்.

கேள்வியே தவறு. ஒரு காலத்தில் திரைக்கு ஒரு கார்டு தேவைப்பட்டது உண்மைதான். 1999ல் கனடாவின் மேட்ராக்ஸ் நிறுவனம் ஜி400 என்ற ஒரே கார்டில் இரண்டு மானிட்டர்களை இணைக்க வழி செய்தது அன்று பெரிய விஷயம். இன்று ஜிஃபோர்ஸ் வரிசையின் நடுத்தர விலைக் கார்டே நான்கு திரைகளைச் சமாளிக்கும். ஒரு 4கே திரையின் ஒரு ஃபிரேமுக்குப் பிடிக்கும் இடம் சுமார் 33 எம்.பி. மூன்று திரைக்கும் 100 எம்.பி. கார்டில் இருப்பதோ 8 ஜி.பி., 16 ஜி.பி. அந்த நினைவகத்தை விழுங்குவது திரைகள் அல்ல. புள்ளி நீக்கம், நிறத் திருத்தம் போன்ற எஃபெக்டுகள்.

உண்மையான சிக்கல் கேமராவில் இருக்கிறது. சோனி, கேனானின் புதிய கேமராக்கள் பல எச்.265ல் 4:2:2 என்ற முறையில் பதிவு செய்கின்றன. வழக்கமான 4:2:0வைவிட இதில் நிறத் தகவல் இரு மடங்கு. ஆனால் 2025ல் வந்த 50 வரிசைக்கு முந்தைய எந்த ஜிஃபோர்ஸ் கார்டுக்கும் இதை விரித்துக் காட்டும் வன்பொருள் கிடையாது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்க, பிராசஸர் மூச்சு வாங்கும், படம் திக்கித் திக்கி ஓடும். வேடிக்கை என்னவென்றால், இன்டெல்லின் 11ம் தலைமுறை முதலான பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த வேலையை அனாயாசமாகச் செய்கிறது. அடோபி பிரிமியரும் டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள பிராசஸர்களில் மட்டும் இந்த வசதி இருக்காது. சில ஆயிரம் மிச்சம் என்று கடையில் தலையில் கட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

எஃப் இல்லாத பிராசஸர் ஏற்கனவே இருந்தால் மூன்றாவது மானிட்டருக்கும் செலவில்லை. பயாஸில் உள் கிராஃபிக்ஸை இயக்கிவிட்டு, ஃபுட்டேஜ் பட்டியல் இருக்கும் மானிட்டரை மதர்போர்டிலேயே செருகலாம். படம் ஓடும் திரை மட்டும் கார்டில் இருக்கட்டும்.

கேபிளையும் பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸ் நகர்வதிலேயே அது தெரிந்துவிடும். பழைய கார்டு மலிவாகக் கிடைத்தால் உஷார். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன.

வாங்கும் முன் சொந்தக் கேமராவில் எடுத்த ஒரு நிமிடக் காட்சியைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லலாம். சிலர் முகம் சுளிப்பார்கள். நேரு பிளேஸில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.