புலி வருது சொல்லும் கரிச்சான்

மேக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் காலை நடை போகிறவர்கள், வாலில் இரண்டு நீளக் கம்பிகள் தொங்க ஒரு கறுப்புப் பறவை பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் துடுப்புவால் கரிச்சான். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும். அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் பறவை ஒன்று, இந்த வித்தையை வைத்தே வயிறு வளர்க்கிறது.

அது கவைவால் கரிச்சான். சஹாராவுக்குத் தெற்கே, மரங்கள் பரவலாக நிற்கும் காடுகளில் வாழ்கிறது. சுமார் 25 செ.மீ. நீளம், மீன்வால் போலப் பிளந்த வால், சிவந்த கண். கிளையில் உட்கார்ந்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிப்பதுதான் அதன் வழக்கமான பிழைப்பு. குளிர்ந்த காலையில் பூச்சிகள் பறப்பது குறைவு. அப்போதுதான் திருட்டு.

தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில், கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கேட்டுகள் மண்ணைத் தோண்டி இரை தேடும். மேலே கரிச்சான் உட்கார்ந்திருக்கும். பருந்து வந்தால் கத்தும். கீழே எல்லாம் பொந்துக்கு ஓடித் தப்பும். இது நிஜமான காவல். ஆனால் ஒரு மீர்கேட் கொழுத்த தேளை வெளியே எடுத்ததும், பருந்தே இல்லாதபோதும் கத்தும். மீர்கேட் தேளைப் போட்டுவிட்டு ஓட, கரிச்சானுக்குச் சாப்பாடு தயார்.

'புலி வருது' கதையில் வரும் பையன்போல இது மாட்டிக்கொள்ளாதா? அங்கேதான் சாமர்த்தியம். ஒரு குரல் எடுபடவில்லை என்றால் குரலை மாற்றிவிடும். மீர்கேட்டின் எச்சரிக்கைக் குரலையே எடுக்கும். மைனா இனப் பறவையைப் போலவும் கத்தும். டாம் ஃபிளவர் குழுவினர் 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கலஹாரிக் கரிச்சான்களிடம் மொத்தம் 51 வகை எச்சரிக்கைக் குரல்கள் பதிவாகின. அவற்றின் உணவில் கிட்டத்தட்ட கால் பங்கு திருட்டில் வருவது.

தெரிந்தும் மீர்கேட் ஏன் ஓடுகிறது? நம்பி ஓடினால் நஷ்டம் ஒரு தேள். நம்பாமல் நின்று, நிஜமாகவே பருந்து வந்துவிட்டால் போவது உயிர்.

சரி, இந்த எத்தனை யாராவது ஏமாற்ற முடியுமா? ஆப்பிரிக்கக் குயில் முயல்கிறது. கரிச்சான் முட்டையைப் போலவே தோன்றும் முட்டையை அதன் கூட்டில் இட்டுவிட்டுப் போகும். ஆனால் ஒவ்வொரு பெண் கரிச்சானின் முட்டையிலும் நிறமும் புள்ளிகளும் தனித் தனி, நம் கையெழுத்து மாதிரி. ஜாம்பியாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, 100 குயில் முட்டைகளில் சுமார் 94 கண்டுபிடிக்கப்பட்டு வெளியே தள்ளப்படும் என்று கணக்கிட்டது.

ஊரெல்லாம் பொய் சொன்னாலும், தன் வீட்டு விஷயத்தில் கண் பிசகுவது அபூர்வம்!

அடுத்த முறை மேக்ரிச்சியில் ஏதாவது பறவைக் குரல் கேட்டால், பிள்ளைகளோடு சற்று நின்று மேலே பாருங்கள். குரல் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருக்கலாம்.