அலுமாரிக்கு வாங்காதீர்கள், பிள்ளைக்கு வாங்குங்கள்



ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பெனர் ஏறும். வஹீயின் முதல் சொல்லில் தொடங்கி ஆளுக்கு இருபது நிமிடம் பேச்சு நடக்கும். தனவந்தர்கள் தந்த புத்தகப் பெட்டிகளோடு போட்டோ எடுப்பார்கள். பிறகு புத்தகங்கள் அலுமாரிக்குள் போகும், சாவி காரியாலயத்துக்குப் போகும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. பிரித்து, இலக்கமிட்டு, அடுக்குகிறவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். ஆகவே நாங்கள்தான் கேட்க வேண்டும். வெற்றிக்கு வழி சொல்லும் ஒரே புத்தகத்தில் முப்பது பிரதிகள். கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள். வெளியீட்டு விழாவில் மரியாதைக்கு வாங்கி, வீட்டில் வைக்க இடமில்லாமல் அனுப்பிய தொகுதிகள். கொடுத்தவர்களின் நிய்யத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தரம் 7 பிள்ளை ஒன்று இதில் எதை எடுத்து வாசிக்கும்?

இவ்வளவும் செய்துவிட்டு அதே மேடையில் சொல்கிறார்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை, எல்லாம் போன்தான் என்று. இதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

பாடப் புத்தகத்தைத் திறக்க மறுக்கும் பையன் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கிறான். லீவு நாளில் கராஜில் நிற்கிறவனுக்கு எஞ்சின் படம் போட்ட எந்தப் புத்தகமும் போதும். வாப்பாவோடு தோணியில் போய் வருகிற பிள்ளைக்குக் கடல் கதை வேண்டும். இன்னொன்றுக்குப் பேய்க் கதை. கொப்பிக்குள் ரமணிசந்திரனை மறைத்து வைத்து வாசிக்கிற மாணவி ஒரு கிழமையில் மூன்று நாவல் முடிக்கிறாள். பாடசாலையிலேயே பெரிய வாசகி அவள்தான். அவளிடமிருந்து புத்தகத்தைப் பறிக்கப் பலர் இருக்கிறார்கள். அதைப் போலவே சுவையான, இன்னும் கொஞ்சம் ஆழமான இன்னொரு புத்தகத்தை அவள் கையில் கொடுக்க ஒருவரும் இல்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. சீர்காழியில் பிறந்து, கணித விரிவுரையாளராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் வேண்டும் என்பது அதில் இரண்டாவது. நூல் ஒவ்வொன்றும் தனக்கான வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. பூட்டிய அலுமாரி இந்த இரண்டையும் சேர்த்தே மீறுகிறது.

“கதைப் புத்தகம் பொழுதுபோக்கு, சமூகத்துக்கு என்ன பிரயோசனம்?” என்று கேட்பவர்கள் எங்கள் சமூகத்தின் வரலாற்றையாவது பார்க்கட்டும். கல்வி விழிப்புணர்வு என்றதும் எல்லோரும் மேடையில் சொல்லும் பெயர் அறிஞர் சித்திலெப்பை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். அதே மனிதர்தான் 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். எகிப்தில் களவாடப்பட்டு பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பிள்ளையின் சாகசக் கதை அது. பாடசாலைக்காகப் பாடுபட்ட மனிதருக்குக் கதையின் அருமை தெரிந்திருந்தது. அவர் பெயரில் விழா எடுக்கிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அடுத்த ஆட்சேபணையும் எங்களுக்குத் தெரியும். “அப்படியென்றால் கண்டதையும் கொடுக்கச் சொல்கிறீர்களா?” இல்லை. வயதுக்குப் பொருந்துமா என்பது ஒரு கேள்வி. பெரியவர்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. முதலாவதைப் பார்ப்பது எங்கள் கடமை, அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். இரண்டாவதை வைத்து ஒரு பிள்ளையின் வாசிப்பை நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் வந்தது. வீட்டை விட்டு ஓடி, ஆளில்லாத் தீவில் வாழப்போகும் குழப்படிப் பையன்களின் கதை. நல்ல பிள்ளைகளின் கதைகளை மட்டும் தேர்ந்திருந்தால் தலைமுறை தலைமுறையாகச் சிங்களப் பிள்ளைகள் விரும்பி வாசித்த அந்த நாவல் அவர்கள் கைக்கே போயிருக்காது. தமிழிலும் இருக்கிறது. எத்தனை பாடசாலை நூலகங்களில் இருக்கிறது?

பரீட்சையைக் காட்டிப் பயமுறுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு வினாத்தாள் தொகுப்பைக் கொடுத்தால் அது இன்னும் ஒதுங்கிப்போகும். சித்திரக் கதையைக் கொடுங்கள். படத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லுக்கு வரும். தரம் 7இல் சித்திரக் கதை வாசிப்பது வெட்கமில்லை. சாதாரண தரம் வரை வந்தும் ஒரு பந்தியை விளங்கி வாசிக்க முடியாமல் பாடசாலையை விட்டுப் போவதுதான் வெட்கம். அந்த வெட்கம் பிள்ளைக்குரியது அல்ல.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்றுதான்.

1. வாங்குவதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு துண்டுக் கடதாசியும் பத்து நிமிடமும் போதும்.

2. ஒரு நூலில் முப்பது பிரதி வேண்டாம். அதே காசுக்கு முப்பது விதமான நூல் வாங்குங்கள். செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது ஓர் ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிப் போங்கள்.

3. அலுமாரியைத் திறந்து வையுங்கள். புத்தகம் தொலையும், கிழியும். கிழிந்த புத்தகம் யாரோ வாசித்த புத்தகம்.

இந்த வருடம் பெட்டி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் ஒரு வகுப்பின் பட்டியலைக் கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று பெயர் பெயராக நாங்கள் எழுதித் தருகிறோம்.