தண்ணீர் போகும் வழியில் வீடு கட்டிவிட்டுக் கத்ர் என்கிறோம்



2024 நவம்பர் 26ஆம் திகதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேலால் பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரத்தைப் புரட்டியது. மழைக்கு விடுமுறை கிடைத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகள் அள்ளுண்டு போனார்கள். ஆறு மாணவர்களின் ஜனாஸாக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம்.

அதற்கு ஒரு வருடம் நிறைந்த அதே கிழமையில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்து வீடுகளை மூடின. மாவில் ஆற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் தண்ணீருக்குள் போனது. உயர்தரப் பரீட்சை 2024இலும் நவம்பர் வெள்ளத்தால் இடைநின்றது, 2025இலும் இடைநின்றது.

இந்த ஒரு வருடமாக "ஏன் இப்படி?" என்று கேட்டால் நமக்கு இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. பள்ளிவாசலில் கேட்டால் "கத்ர்". கந்தோரில் கேட்டால் "காலநிலை மாற்றம்".

இரண்டும் பொய்யில்லை. கத்ரை நம்புவது நமது ஈமான். காலநிலை மாற்றமும் கண் முன்னால் நடப்பதுதான். பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து உலகின் மிக வெப்பமான ஆண்டு 2024. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால்தான் ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டுகிறது. இதில் நமது நாட்டின் பங்கு மிகச் சொற்பம். புகை கக்கிய பெரிய நாடுகள் நமக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மழை நமது ஊருக்குள் எந்த வழியால் வந்து எந்த வழியால் கடலுக்குப் போக வேண்டும் என்பதைப் பெரிய நாடுகள் தீர்மானிக்கவில்லை. நாம்தான் தீர்மானித்தோம்.

நமது கரையோரத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை, நடுவில் ஒரு ஒடுங்கிய துண்டு நிலம். மேற்கிலிருந்து வரும் தண்ணீர் வட்டையில் பரவி நின்று, வாய்க்காலாலும் தோணாவாலும் வடிந்து, முகத்துவாரத்தால் கடலில் விழும். அந்த வட்டையைப் பேர்ச்சஸ் கணக்கில் துண்டு போட்டு விற்றது யார்? இரவோடு இரவாக டிப்பரில் கிறவல் கொட்டியது யார்? வாய்க்காலுக்கு மேல் மதில் கட்டியது யார்? அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. சட்டம் கொழும்பில் இருக்கிறது, கிறவல் நமது வட்டையில் கிடக்கிறது. கடன் எடுத்து அப்படியொரு துண்டை வாங்கியவர்களில் ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம். இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் நடத்த முடியாது.

"காணி இல்லையே, எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் இருந்தவர்கள் உள்ளே வரத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இன்றைக்கு நிரப்பப்படும் காணிகளில் எத்தனை, வீடில்லாதவனுக்காக நிரப்பப்படுகின்றன? எத்தனை, மகளுக்குச் சீதன வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது என்பதற்காக நிரப்பப்படுகின்றன? மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வாப்பா மூன்று வளவுக்கு எங்கே போவார்? வட்டைக்குத்தான் போவார். மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்பதை நாம் நிறுத்தாத வரை டிப்பரும் நிற்காது. இதைக் குத்பாவில் யார் சொல்வது?

வெள்ளம் வந்த பிறகு நம்மை மிஞ்ச ஆளில்லை. சமைத்த சாப்பாடு, உலர் உணவுப் பொதி, பாய், உடுப்பு எல்லாம் சில மணி நேரத்தில் சேரும். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் வெள்ளத்துக்கு முதல் நாள் நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு தோணி இருக்கிறதா, கயிறு இருக்கிறதா, உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் நமது முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த நவம்பரும் வரும். ஆகவே ஊரிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்.

வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் அந்த வீதி மூடப்பட வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். யாருடைய வாகனமாக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடக்கக் கூடாது.

பாடசாலையோ மத்ரஸாவோ, பிள்ளைகளை அனுப்புவதென்றால் தண்ணீர் வருவதற்கு முதல் அனுப்ப வேண்டும். தாமதித்துவிட்டால் உள்ளேயே வைத்துச் சோறு கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் தனது மஹல்லாவில் மூடப்பட்ட வாய்க்கால்களைக் கணக்கெடுத்து ஜும்ஆவுக்குப் பிறகு வாசிக்க வேண்டும். அடைத்தவர் நிர்வாகத்தில் இருந்தாலும் வாசிக்க வேண்டும்.

நிவாரணத்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை ஐப்பசிக்கு முன்பே தோணிக்கும் கயிற்றுக்கும் ஒதுக்க வேண்டும்.

இதில் ஒன்றுக்கும் உலக மாநாடு தேவையில்லை.

அந்தப் பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள். ஆனால் கீழே "ஆமீன்" மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வளவுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் இப்போது எங்கே இருக்கிறது என்றும் எழுதுங்கள்.