நோவு ஆறினால் நோய் தீருமா?

காலையில் எழுந்ததும் கைவிரல்களை மடக்க முடியவில்லை, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்திருந்தால் ஓரளவு இளகுகிறது. இவ்வாறு கூறும் பெண்கள் புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் அநேகர். அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழி பாரிசிலும் பேர்ணிலும் டோர்ட்முண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றது: "குளிர் நாடு, வாதம் பிடித்துவிட்டது." அத்துடன் விசாரணை முற்றுப்பெறுகின்றது. ஊரிலிருந்து வந்த எண்ணெய்ப் போத்தல் திறக்கப்படுகின்றது. அதற்கும் அடங்காவிடின் அலுமாரியில் இருக்கும் நோவுக் குளிசை. நோவு சற்று ஆறியதும் அவர் மீண்டும் வேலைக்குச் சென்றுவிடுகின்றார்.

இவ்வாறு நோவை ஆற்றிவிட்டு நோயை விட்டுவைக்கும் வழக்கத்தையே இன்று நாம் கண்டிக்க முற்படுகின்றோம். வீட்டில் நாம் செய்வதையே சில நாடுகளின் சட்டங்கள் எழுத்தில் செய்கின்றன என்பதையும் சொல்லவேண்டியுள்ளது.

மூட்டு நோவெல்லாம் ஒரே நோயன்று. எமது பெற்றோரின் முழங்கால்களில் பொதுவாகக் காணப்படுவது மூட்டுத் தேய்வு. குருத்தெலும்பு ஆண்டுக்கணக்கில் நைந்து போவதால் வருவது அது. நடந்தால் கூடும், இருந்தால் குறையும், காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுப்போகும். முடக்குவாதம் என்று தமிழில் வழங்குவது முற்றிலும் வேறானது. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே தடம்மாறி, மூட்டுக்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வைத் தாக்குகின்றது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கின்றது. கைவிரல்களின் அடிமூட்டுக்கள், மணிக்கட்டு, கால்விரல்களின் அடி எனச் சிறு மூட்டுக்களிலே, அநேகமாக இரு பக்கமும் ஒருசேர, அது தொடங்கும். ஓய்வில் விறைத்து அசைவில் இளகும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். ஆண்களிலும் பார்க்கப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கும். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதிலேயே பெரும்பாலும் தலைகாட்டும். உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, ஊரில் உள்ளவர்களுக்கும் பணம் அனுப்பும் வயது அது. ஆகவே அதைக் கிழவர்களின் வியாதி என்று ஒதுக்குவது பெரும் தவறு. குளிர் நோவைக் கூட்டிக் காட்டலாம். நோயை உண்டாக்குவது அதுவன்று.

இந்நோயில் காலமே யாவும். எலும்பின் அரிப்பு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடக்கூடியது; அரித்துப்போன மூட்டை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஒரு மூட்டுக்கு மேற்பட்ட இடங்களில் வீக்கம் கண்டவரை ஆறு வாரங்களுக்குள் மூட்டுவாத நிபுணர் பார்க்கவேண்டும் என்றும், நீடிக்கும் அபாயம் உள்ளவர்களுக்கு நோயின் போக்கையே மாற்றும் மருந்தை மூன்று மாதங்களுக்குள் தொடங்கவேண்டும் என்றும் ஐரோப்பிய மூட்டுவாத வைத்தியர்களின் பேரமைப்பு வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. பிரித்தானியாவின் வழிகாட்டு நெறிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. கை கால்களின் சிறு மூட்டுக்களில் வீக்கம் இருப்பின், இரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும், குடும்ப வைத்தியர் மூன்று வேலை நாட்களுக்குள் நிபுணருக்கு எழுதவேண்டும் என்பது அவற்றின் நிலைப்பாடு. இதனை வாசகர்கள் மனதில் இருத்துதல் நன்று. "இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று திரும்பி வந்து பேசாமல் இருந்துவிடுவோர் எம்மிடையே பலர். முடக்குவாதக் காரணி எனப்படும் பரிசோதனை, நோயுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எதிர்மறையாகவே வரும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஜேர்மனியில் 1993இல் நிறைவேற்றப்பட்ட புகலிடக் கோரிக்கையாளர் உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, திடீர் நோய்களுக்கும் நோவுக்கும் சிகிச்சை அளிக்கலாம் என்கின்றது. நாட்பட்ட நோய் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. கை வீங்கிய பெண்ணுக்கு நோவுக் குளிசை கிடைப்பதில் சட்டச் சிக்கல் எதுவுமில்லை. நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்துக்கே சிக்கல். ஏனைய உதவிகளை உடல்நலத்தைக் காக்க இன்றியமையாதவையாயின் வழங்கலாம் எனும் 6ஆம் பிரிவு ஒன்று உண்டு. ஆயினும் அதனை அலுவலகமே தீர்மானிக்கின்றது. முழுமையான காப்புறுதிக்கு நிகரான உரிமைக்காகக் காத்திருக்கவேண்டிய காலம் 2015இல் 15 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. 2019இல் அது 18 ஆயிற்று. 2024 பெப்ரவரியில் 36 மாதங்களாக நீட்டப்பட்டது. ஆறு வாரம் என்கின்றது மருத்துவம். மூன்றாண்டு என்கின்றது சட்டம். மூன்றாண்டின் பின் கிடைக்கும் காப்புறுதி அட்டையைக் கோணிப்போன விரல்களால் வாங்குவதில் என்ன பயன்? நிதிநோக்கில் பார்த்தாலும் இது சிக்கனமன்று. விலை குறைந்த குளிசையால் காத்திருக்கக்கூடிய மூட்டைப் பின்னர் சத்திரசிகிச்சையால் மாற்றும் செலவு அதே அரசையே சேர்கின்றது.

எனவே ஜேர்மனியில் உள்ளோர் ஒன்று செய்யவேண்டும். வைத்தியரின் கடிதம் "மூட்டு நோவு" என்று மட்டும் கூறாமல், சிகிச்சை தாமதித்தால் நிரந்தர ஊனம் ஏற்படும் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும். 6ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். மறுப்பையும் எழுத்திலேயே கேட்டுப் பெறவேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து முறையிடுவது கடினம்.

மற்றைய நாடுகளில் நிலைமை பலவிதம். சுவிற்சர்லாந்தில் புகலிடம் கோருவோரும் கட்டாய நோய்க் காப்புறுதிக்குள் அடங்குவர்; வைத்தியரைத் தெரிவுசெய்யும் சுதந்திரத்தை மாநிலங்கள் மட்டுப்படுத்தலாம். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரைப் பார்ப்பது எவருக்கும் இலவசம். ஆனால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களில் அரச உதவித் திட்டத்தில் இல்லாதோரிடம் அவசரமற்ற வைத்தியசாலைச் சிகிச்சைக்கு முன்கூட்டியே கட்டணம் அறவிடும் விதி 2017 ஒக்டோபரில் வந்தது. மூட்டுவாதப் பிரிவு அந்த வகைக்குள்ளேயே பெரும்பாலும் தள்ளப்படும். கனடா 2012இல் அகதிகளுக்கான மருத்துவ உதவியை வெட்டியபோது, கோரிக்கையாளர் பலருக்குப் பொதுமக்களின் சுகாதாரத்துக்கு ஆபத்தான நோயாயின் மட்டுமே மருந்து என்றாயிற்று. பிறருக்குத் தொற்றாமல் தன்னையே முடக்கும் நோய்க்கு இரக்கமில்லை என்பதே அதன் பொருள். அதனைக் கொடூரமான நடத்துகை என்று 2014இல் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இல் உதவி மீளவும் வழங்கப்பட்டது. வழக்கைத் தொடுத்தோரில் அகதிகளுக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர்களும் இருந்தனர் என்பதை நன்றியுடன் குறிப்பிடவேண்டும்.

சட்டத்தைச் சாடும் நாம் எமது வீடுகளையும் பார்க்கவேண்டும். மருந்து கிடைத்த பின்னரும் அதை உட்கொள்ளாமல் விடுவோர் உளர். முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற், "புற்றுநோய் மருந்து" என்று யாரோ சொல்லக் கேட்டுக் குப்பையில் போய்ச் சேருகின்றது. அது புற்றுநோய்க்கும் பயன்படுவது உண்மையே. ஆனால் இங்கே கொடுக்கப்படும் அளவு மிகச் சிறியது. அம்மருந்தின் குடும்பத்துக்கு வழிதிறந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்று உழைத்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதைப் பலர் அறியார். அந்நிய மண்ணில் புகழின்றி 1948இல் மறைந்த அவரது ஆய்வுக்கூடத்தின் பேறு இன்று உலகெங்கும் விரல்களைக் காக்கின்றது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கின்றோம்: அக்குளிசை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கவேண்டியது. நாள்தோறும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைத் தமிழில் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனைத் தவணைகளைத் தவறவிடாதீர்கள். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறி வேறு மருந்துக்கு மாறவேண்டும்.

இதற்கு மாறாக, அஞ்சவேண்டிய மருந்துக்கு எம்மவர் அஞ்சுவதில்லை. ஸ்ரெரொயிட் குளிசையை ஊருக்குப் போய்வருவோரிடம் சொல்லி வாங்கி, பெயரறியாமலே விழுங்குவோர் இருக்கின்றனர். 1948இல் அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹெஞ்ச் கோட்டிசோனை முதன்முதலாக ஒரு நோயாளிப் பெண்ணுக்கு ஏற்றியபோது, நடக்கமாட்டாதிருந்த அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. நீண்டகாலம் பெருமளவில் எடுத்தால் எலும்பு நலிவதும், நீரிழிவு கூடுவதும், முகம் வீங்குவதும் பின்னரே தெரியவந்தன. வைத்தியரின் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு அது நல்ல மருந்தே. அடையாளமில்லாத தாள்பொட்டலத்தில் வருவது அவ்வாறன்று. ஏற்கெனவே பல வாரம் எடுத்துவருவோர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; வைத்தியரிடம் ஒளிக்காமல் காட்டவேண்டும்.

குளிசைகளுக்கு அடங்காத நோய்க்கு 1990களின் இறுதியிலிருந்து ஊசி மருந்துகள் வந்துள்ளன. அவற்றின் அடிப்படை ஆய்வு இலண்டனில், பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் பெல்ட்மனும் செய்தது. அவற்றைத் தொடங்குமுன் காசநோய் உண்டா என்று பரிசோதிப்பார்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை இம்மருந்துகள் எழுப்பிவிடக்கூடும். முகாமிலோ சிறையிலோ குடும்பத்திலோ காசநோயுள்ளவருடன் இருந்திருந்தால் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். அதனால் புகலிட வழக்குக்குப் பாதகம் வரும் என்ற பயம் ஆதாரமற்றது.

சொல்வது என்றவுடன் மொழிப் பிரச்சினை எழுகின்றது. உளைவு, குத்து, கடுப்பு, விறைப்பு, எரிவு, நாரிப்பிடிப்பு என்று எம்மிடம் நோவுக்கு எத்தனையோ சொற்கள். வைத்தியர் முன் அமர்ந்ததும் இவை அனைத்தும் "வலி" என்ற ஒரே அந்நியச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. நிபுணர் தேடுவதோ விறைப்பையும் வீக்கத்தையும். அவை சொல்லப்படாமலே போகின்றன. பாடசாலையை விட்டு வந்து தாய்க்கு மொழிபெயர்க்கும் பதினொரு வயதுச் சிறுமி தாயின் நோவை அறிவாள். காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதை அவள் அறிய நியாயமில்லை. மாதவிடாய், கர்ப்பம் பற்றிய கேள்விகள் வரும்போது தாயும் வாய்திறக்கமாட்டார். பிரித்தானியாவின் அரச வைத்தியசேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும். அவ்வசதி இல்லாத இடங்களில் எமது சங்கங்கள் வளர்ந்தவர் ஒருவரை அனுப்பலாமே.

இன்னொரு வகை மூட்டு நோவும் எம்மிடம் உண்டு. அதைப்பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. கைகளைப் பின்னே கட்டித் தூக்கப்பட்டவர்களின் தோள்மூட்டும், உள்ளங்காலில் அடிக்கப்பட்டவர்களின் பாதமும் பல ஆண்டுகள் கழிந்தும் நோகும். இவர்கள் "தூக்கி வேலை செய்ததால் வந்தது" என்று வைத்தியரிடம் கூறிவிட்டு வருகின்றனர். நடந்ததைக் கூறினால் சிகிச்சையும் மாறும். சித்திரவதையின் தடயங்களை வைத்தியர்கள் எவ்வாறு ஆராய்ந்து பதியவேண்டும் என்பதற்கு 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இருக்கின்றது. அதன்படி எழுதப்பட்ட அறிக்கை புகலிட வழக்கிலே சான்றாகும். சட்டத்தரணியிடம் அதனைக் கேளுங்கள்.

மூட்டில் வீக்கமில்லாமல் தொடையும் இடுப்பும் உளைந்து, கதிரையிலிருந்து எழும்பச் சிரமப்படுவோர் விற்றமின் டி அளவைப் பரிசோதிக்கக் கேட்கவேண்டும். கருமையான தோல், வெயிலற்ற நாடு, வீட்டுக்குள்ளும் சமையற்கூடத்துக்குள்ளும் கழியும் பகல் ஆகியன சேர்ந்தால் எலும்பு மெலியும். கண்டியில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, நோர்வேயில் உள்ளோரிடம் அச்சத்து வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. இதற்கான மருந்து மலிவானது. ஊருக்குப் போய்க் காய்ச்சலுடன் திரும்பி, மூட்டு நோவு மாதக்கணக்கில் விடாதோர் சிக்குன்குனியா பற்றியும் வைத்தியரிடம் சொல்லிவைப்பது நல்லது.

ஒவ்வொரு நகரிலும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடக்கின்றது. பிள்ளைகள் படிக்கும்வரை பெற்றோர் வெளியே காத்திருக்கின்றனர். அந்த நேரத்தில் ஒரு தமிழ் வைத்தியரோ தாதியோ வந்து, கைகளைப் பார்த்து, யார் உடனே நிபுணரிடம் போகவேண்டும் என்று சொல்ல அரைமணி நேரம் போதும். நோவைக் குறிக்கும் எமது சொற்களுக்கு ஜேர்மன், பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் நேர்ச்சொற்கள் அடங்கிய ஒரு சிறு பட்டியலும் வேண்டும். அதனைத் தயாரிக்க முன்வரும் வைத்தியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் எமது அலுவலகத்துக்கு எழுதுவார்களாயின், பக்கம் ஒதுக்கி அச்சிட நாம் தயாராக இருக்கின்றோம்.